கடைமடைக்குப் போன முதல் டிரம்

உடையப்ப அம்பலம் நாற்காலியில் உட்கார்ந்தால் அந்த நாற்காலிக்கும் முதுகு நிமிர்ந்துவிடும் என்று வன்னியேந்தலில் சொல்வார்கள். எழுபத்து மூன்று வயதிலும் அவர் எதன்மீதும் சாய்ந்து நின்றதை யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட மனிதர் அன்று காலையிலிருந்து ஏழெட்டு முறை உட்கார்ந்து, ஏழெட்டு முறை எழுந்துவிட்டார். வாசலுக்குப் போனார், தெருவைப் பார்த்தார், திரும்பி வந்தார். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டு ஒரு பக்கமும் நிலைகொள்ளாமல் தோள் மாறிக்கொண்டே இருந்தது. காபி ஆறி ஏடு படிந்துவிட்டது.

“சட்டம் எழுதுனது நீங்க. வாசிக்கப் போறதும் நீங்க. பொறகு என்னத்துக்கு இந்த நடை?” என்றாள் அவர் மனைவி அழகம்மை, முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே. “தரை தேயுது.”

“சட்டம் வேற, ஆளு வேற. சந்தியாகுவ நாப்பது வருசமாத் தெரியும்.”

“தெரிஞ்சவன்னா விட்டுருவீகளா?”

“விடமாட்டேன். அதான் நடக்கேன்.”

மாலை நான்கு மணிக்குக் கண்மாய்க் கரைக் கொட்டகையில் விவசாயிகள் சங்கக் கூட்டம். கண்மாய்த் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடையில் சந்தியாகுவின் மிளகாய்த் தோட்டம் இருந்தது. ஊர் முழுக்கப் பச்சையாக நிற்க, அந்த ஒரு தோட்டம் மட்டும் இலை சுருண்டு கிடந்தது. சங்கத் தலைவர் உடையப்ப அம்பலம். தீர்ப்பு அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும்.

நான்கு வருடமாக அந்த வட்டாரத்தை ஆட்டிப் படைத்தது கருப்பு இலைப்பேன். கண்ணுக்குத் தூசி போலத் தெரியும். பூவுக்குள் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சிவிடும். கடையில் விற்ற எந்த விஷத்துக்கும் அது அசையவில்லை. அந்த நேரத்தில்தான் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஜமீலா என்ற பெண் வந்து, இதே கொட்டகையில் நின்று புது மருந்தைப் பற்றி விளக்கினாள்.

“இது விஷமில்லங்க. பேன் உடம்புக்குள்ள ஒரு பெரிய ஏடு இருக்குன்னு வச்சுக்கங்க. எப்படித் திங்கணும், எப்படித் தோல் உரிக்கணும்னு எல்லாம் அதுல எழுதியிருக்கு. அதுல ஒரே ஒரு வரிய மட்டும் வாசிக்க விடாமப் பண்றோம். தோல் உரிக்கிற வரி. தோல் உரிக்கலேன்னா பேன் வளராது. அதே எழுத்துல அந்த வரி தேனீக்குக் கிடையாது, மண்புழுவுக்குக் கிடையாது, நமக்கும் கிடையாது.”

“வாய்ப்பூட்டுப் போடுறீகன்னு சொல்லுங்க” என்றார் மேலமடைக் கருத்தமுத்து. கொட்டகை சிரித்தது. அன்றிலிருந்து அந்த மருந்துக்கு ஊரில் வாய்ப்பூட்டு என்றே பெயர். ஜமீலா தொடர்ந்தாள்.

“அந்தப் பூட்டை ஆர்.என்.ஏ.ன்னு சொல்லுவோம். வெறுமன அடிச்சா வெயில்ல ரெண்டு நாள்கூடத் தாங்காது. அதனால களிமண் தகட்டுக்குள்ள வச்சு மடிச்சிருக்கோம். உங்க தலைமுடி ஒண்ணோட தடிமன்ல ஆயிரம் தகட்ட அடுக்கிரலாம். அது இலையில ஒட்டிக்கிட்டு இருபது நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமா மருந்தை விடும். ஆனா ரெண்டு விசயம். ஒண்ணு, மருந்துத் தண்ணியில எதையும் கலக்காதீங்க. ரெண்டாவது, ஊர் முழுக்க மூணு நாளுக்குள்ள அடிச்சு முடிக்கணும். ஒரு தோட்டத்துல அரைகுறையா விழுந்தாலும், தப்பிச்ச பேன் பழகிக்கும். பழகிட்டா இந்த வட்டாரத்துக்கே மருந்து செத்துப்போச்சு.”

எழுந்து நின்று சட்டம் சொன்னவர் உடையப்ப அம்பலம்தான். எவன் செய்த தப்பால் மருந்து கெட்டதோ, அவனுக்கு மூன்று வருடம் கண்மாய்த் தண்ணீர் கிடையாது. கெட்ட பயிரைப் பிடுங்கி எரிக்க வேண்டும். தன் கையாலேயே அதைச் சங்கப் புத்தகத்தில் எழுதினார். எழுத்து ஒவ்வொன்றும் முதுகு நிமிர்ந்து நின்றது.

சங்கம் டிரம்களில் கரைத்துக் கொடுத்த மருந்தை ஊர் அடித்துப் பதினெட்டு நாள் ஆகிறது. அடித்த மறுநாளே சந்தியாகு வாசலில் வந்து நின்றது இப்போது அவர் நினைவுக்கு வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்து, “நல்லா விளையும், போ” என்று தட்டிக்கொடுத்து அனுப்பினார். இப்போது பார்த்தால் இப்படி.

பத்து மணிக்கு ஜமீலாவின் ஸ்கூட்டர் வாசலில் நின்றது. வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“ஐயா, சாயங்காலம் கூட்டத்துல அறிக்கை வாசிக்கணும். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“கேளும்மா.”

“சந்தியாகு அண்ணன் மருந்தே அடிக்கல, வந்த டிரம்ம வித்துட்டாருன்னு ஊர்ல பேசுறாங்க. அது பொய். இலையில மருந்து விழுந்திருக்கு. ஆனா தகடு இல்ல. தகடு கரைஞ்ச உப்புதான் இருக்கு. அந்தக் களிமண்ணு புளிப்புப் பட்டாத்தான் கரையும். அவருக்குப் போன டிரம்முல என்ன ஊத்துனீங்க?”

“மருந்தும் தண்ணியும்.”

“வேற?”

“வேற ஒண்ணுமில்ல.”

ஜமீலா கொஞ்சம் தயங்கினாள். “இலையில பால்ல இருக்கிற சத்தும் தெரியுதுங்க ஐயா. மோர், தயிர் மாதிரி ஏதாவது?”

“மோர் ஊத்துனோம். அது முதல் கை.”

“எதையும் கலக்காதீங்கன்னு அவ்வளவு தூரம் சொன்னேனே.”

“மோர் ‘எதையும்’ல சேராதும்மா” என்றார் உடையப்ப அம்பலம், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல.

அவர் அதை மறைக்கவில்லை. மறைக்க வேண்டியது என்றே அவருக்குத் தோன்றவில்லை. ஊரே பார்க்க நடந்த காரியம். அவருடைய பாட்டனின் தகப்பனார், ஊர் முழுக்கப் பயிரில் பூச்சி விழுந்த ஒரு வருடம், ஐந்து நாள் புளித்த தெளிமோரைத் தெளித்து மிளகாயைக் காப்பாற்றினாராம். அன்றிலிருந்து வன்னியேந்தல் மண்ணில் எந்தப் புது மருந்து இறங்கினாலும் முதல் கலவையில் அம்பலம் வீட்டுச் சின்னக் குடம் நிறைய அதே தெளிமோர் விழ வேண்டும். அதற்கு முதல் கை என்று பெயர். இன்னொரு ஏற்பாடும் உண்டு. முதல் கை பட்ட மருந்து அம்பலம் வீட்டுத் தோட்டத்துக்குப் போகாது. கடைமடைக்குத்தான் போகும். ஊற்றுவதில் முதல், எடுப்பதில் கடைசி. அந்த நீதியைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் கொஞ்சம் கனக்கும். இப்போதும் கனத்தது.

ஜமீலா முழுவதையும் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள். “பத்து லிட்டர் மருந்துப் பாலுக்கு ஒரு குடம் புளிச்ச மோரு. தகடு முச்சூடும் கரைஞ்சிருக்கும். மருந்து ரெண்டு நாள்ல வெயில்ல போயிருக்கும். அந்த ரெண்டு நாள் போதும், பேன் பழகுறதுக்கு.”

“எங்க வீட்டு மோர் பயிரக் கெடுத்துச்சுன்னு எங்கிட்டயே சொல்ல வந்தியா?”

“நான் சொல்லல ஐயா. இலையைச் சோதிச்ச மெஷின் சொல்லுது. அறிக்கையில புளிப்பு கலந்திருக்குன்னு மட்டும்தான் எழுதுவேன். யார் கலந்ததுன்னு மெஷினுக்குத் தெரியாது.”

“ஊருக்கு?”

“நீங்க மோர் ஊத்துனத ஊரே பாத்திருக்கு. ஆனா யாரும் அத கலக்குறதா நெனைக்கல. நீங்க நெனைக்காத மாதிரியே. சந்தியாகு அண்ணன்தான் என்னத்தையோ கலந்துட்டார்னு சொல்லுவாங்க. அவர்கிட்டயும் கேட்டேன். ‘அம்பலார்கிட்டக் கேளுங்க’ன்னு ஒரே வார்த்தை. அதுக்கு மேல வாயே தொறக்கல.”

“நீ போயிட்டு வா” என்றார். போ என்பதையும் வா என்பதையும் சேர்த்துச் சொன்னதே பெரிய விஷயம் என்பது போல இருந்தது அவர் முகம்.

அவள் போன பிறகு வீடு அவருக்குப் போதவில்லை. தொழுவத்துக்குப் போனார், மாட்டைப் பார்த்தார், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினார். கடைசியில் அலமாரியைத் திறந்தார். மிச்சமான மருந்துப் பாக்கெட் ஒன்று அங்கே இருந்தது. கண்ணாடி டம்ளர் இரண்டை எடுத்துக் கழுவினார். இரண்டிலும் மருந்தைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினார். இரண்டும் அரிசி களைந்த தண்ணீர் போல வெளுத்து நின்றன.

“இந்தா, அந்தப் புளிச்ச மோருச் சட்டியக் கொண்டா. மேல நிக்கிற தெளிவு மட்டும்.”

அழகம்மை கொண்டுவந்தாள். ஒரு டம்ளரில் தெளிமோரை ஊற்றினார். இன்னொன்றில் அதே அளவுக்கு வெறும் தண்ணீர். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பார்த்தார்கள். ஈ ஒன்று டம்ளர் விளிம்பில் உட்கார்ந்து எழுந்தது.

வெறும் தண்ணீர் ஊற்றியது வெளுத்தபடியே இருந்தது. மோர் விழுந்ததில் அடியிலிருந்து வெளுப்பு விலகத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் டம்ளருக்கு அந்தப் பக்கம் இருந்த அழகம்மையின் சேலைக் கரை தெரிந்தது. பிறகு கரையிலிருந்த பூவும் தெரிந்தது.

அவள்தான் முதலில் பேசினாள். “கழுவி வச்சிரவா?”

அவர் தெளிந்த டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“அந்தப் பிள்ளை உங்க பேரை எழுத மாட்டேன்னு சொல்லிருச்சு. சந்தியாகுவும் வாய் தொறக்கல. நீங்களா போயி எதுக்கு? நாலு தலைமுறை ஊத்துன மோரு. நாளைக்கு நம்ம பேரப் பிள்ளைக இந்தத் தெருவுல நடந்தா, பயிரக் கெடுத்த வீடுன்னு பேரு வாங்கணுமா?”

“சந்தியாகு பேரப் பிள்ளைக எந்தத் தெருவுல நடக்கும்?”

“அதுக்கு ஏதாவது செய்வோம். நெல்லு குடுப்போம், கூப்பிட்டு வேலை குடுப்போம். பேரை மட்டும் விட்டுராதீக.”

அவளை அவர் கோபிக்கவில்லை. ஜமீலா போனதிலிருந்து அவர் மனசுக்குள் ஓடியதைத்தான் அவள் வாயால் சொன்னாள். சும்மா இருந்தால் போதும். எல்லாம் தானாக நடக்கும். மெஷினுக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது. சங்கப் புத்தகத்தில் சந்தியாகுவின் பெயரை அவர் கையெழுத்தில் எழுத வேண்டும், அவ்வளவுதான். முதுகு நிமிர்ந்த அந்த எழுத்தில்.

அந்த இடத்தில்தான் அவருக்கு முட்டியது. அந்தக் கையால் அந்த வரியை எழுதிப் பார்த்தார், மனசுக்குள். எழுத்து கோணிக்கொண்டு வந்தது.

நான்கு மணிக்குக் கொட்டகை நிறைந்திருந்தது. சந்தியாகு ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு மஞ்சள் துணிப்பை. வலது கை பைக்குள் இருந்தது. ஜமீலா அறிக்கையை வாசித்து முடித்தாள். புளிப்பு என்ற வார்த்தை வந்ததுமே முணுமுணுப்பு எழுந்தது.

“கடைமடைப் பக்கம் பனை நெறைய நிக்குதுல்ல” என்றார் கருத்தமுத்து. “கள்ளுக் கலயத்தையும் மருந்து டிரம்மையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருந்தாப்புல போல. எது எதுக்குள்ள போச்சோ.”

சிரிப்பு அடங்கச் சந்தியாகு காத்திருந்தான். “எனக்கு டிரம்முல வந்ததை அடிச்சேன். அதுக்கு மேல ஒரு சொட்டுக் கூட்டல, கொறைக்கல” என்றான். சொன்னது கருத்தமுத்துவுக்கு, பார்த்தது தலைவரை.

உடையப்ப அம்பலம் எழுந்தார். கூடையிலிருந்து இரண்டு டம்ளரையும், மோருச் செம்பையும் எடுத்து மேசைமேல் வைத்தார். பாக்கெட்டில் மீந்திருந்ததை இரண்டிலும் கரைத்தார். கூட்டம் இது என்ன வேடிக்கை என்று கழுத்தை நீட்டியது. ஒரு டம்ளரில் தெளிமோரை ஊற்றிவிட்டு, அது தெளிகிற வரைக்கும் யாரையும் பேசவிடவில்லை. தெளிந்த பிறகு அதைக் கையில் தூக்கிப் பிடித்தார்.

“சந்தியாகுக்குப் போன முதல் டிரம்மு இதுதான். ஊத்துன கை என் கை. மருந்தக் கெடுத்தது அம்பலம் வீட்டு மோரு.”

கூட்டம் டம்ளரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு நாலு பக்கமும் மறுப்பு கிளம்பியது. ஆச்சரியம், அவரைக் குற்றம் சொன்னவர் யாரும் இல்லை.

“அப்பு, மோரு எப்படி அப்பு கெடுக்கும்?”

“அது முதல் கையில்ல. அதைப் போயிக் கலப்படம்ங்கிறீக.”

“சந்தியாகு மேல இரக்கப்பட்டு அப்பு பழியைத் தூக்கித் தன் தலையில வைக்கிறாக” என்றார் கருத்தமுத்து, குரல் தழுதழுக்க. “பெரிய மனசு.”

“பெரிய மனசுமில்ல, சின்ன மனசுமில்ல. கண்ணு இருக்கிறவன் டம்ளரப் பாரு” என்றார் அம்பலம். “எழுதுன சட்டத்தை வாசிக்கிறேன். மூணு வருசத்துக்கு உடையப்பனுக்குக் கண்மாய்த் தண்ணி கிடையாது. முதல் கை இன்னையோட முடிஞ்சுபோச்சு.” பிறகு ஜமீலா பக்கம் திரும்பினார். “சந்தியாகு தோட்டத்தை எரிக்காம விட வழியிருக்கா?”

அவள் தலையை ஆட்டினாள். “இல்லங்க ஐயா. தப்பு யாரோடதா இருந்தாலும் பேனு அங்கதான் இருக்கு. பாதி பழகியிருக்கு. நாளைக்குள்ள எரிக்கணும்.”

“அப்ப என் தோட்டத்துல நிக்கிற பயிரு சந்தியாகுவோடது. மூணு வருசம் அவன் அந்த நிலத்தைப் பாக்கட்டும். அவன் பங்குத் தண்ணி அதுல பாயட்டும்.”

சந்தியாகு எழுந்து நின்றான். இப்போது அவன் வலது கை பைக்கு வெளியே இருந்தது. “எனக்குத் தானம் வேணாங்கய்யா.”

“தானமில்ல, தண்டம். நான் கட்டுறேன், நீ வாங்கிக்கிற.”

வீட்டுக்கு நடக்கும்போது அவருக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. இழந்ததெல்லாம் இழந்ததுதான். ஆனாலும் இந்த வீட்டின் பெயரை, அது விழப்போன இடத்திலிருந்து, தான் ஒருவராகக் கைகொடுத்து நிறுத்திவிட்டோம் என்ற நினைப்பு நெஞ்சில் விம்மியது. யாரும் கேட்கவில்லை. யாரும் வற்புறுத்தவில்லை. தானாகச் சொன்னோம். அழகம்மை சோறு போட்டாள்; மோர் ஊற்ற வந்தவள் ஒரு நொடி நின்று, கேட்டுவிட்டுத்தான் ஊற்றினாள்.

மறுநாள் காலையில் கடைமடையில் செடிகளைப் பிடுங்கிக் குவித்திருந்தார்கள். பழுத்ததும் பழுக்காததுமாகக் காய்கள் செடியோடு கிடந்தன. எல்லோரும் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு நின்றார்கள். தீவட்டி தயாராக இருந்தது. ஆனால் யாரும் அதைத் தொடவில்லை. நேற்றுத்தான் முதல் கை முடிந்தது என்று சொல்லியாகிவிட்டது. ஆனாலும் ஊர்க் கை எதுவும் முன்னால் நீளவில்லை.

சந்தியாகு தீவட்டியை எடுத்து அவரிடம் நீட்டினான். “என் தோட்டம்தானே. நான் சொல்றேன். நீங்க வைங்க.”

அவர் வைத்தார். காற்று ஊருக்கு எதிர்ப்பக்கம் வீசியும், மிளகாய்ப் புகை சும்மா விடவில்லை. எல்லோரும் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், தும்மிக்கொண்டே வரப்பேறி ஓடினார்கள். கடைசியில் இரண்டு பேர் மட்டும் பனைமரத்தடியில் நின்றார்கள்.

சந்தியாகு மஞ்சள் பையிலிருந்து ஒரு பழைய இருமல் மருந்துப் பாட்டிலை எடுத்தான். அதற்குள் தண்ணீர் போலத் தெளிவாக ஏதோ இருந்தது. மேலே ஒட்டிய காகிதத்தில் மருந்தடித்த தேதியும், ‘முதல் டிரம்’ என்ற எழுத்தும், அன்று மருந்து வாங்க நின்ற இரண்டு பேரின் கையெழுத்தும் இருந்தன.

“என்னது இது?”

“அன்னைக்கு எனக்கு வந்ததுல மிச்சம். மத்தவக டிரம்மெல்லாம் வெளுப்பா இருந்துச்சு. எனக்கு வந்தது தெளிஞ்சு கிடந்துச்சு. மோரு விழுகும்போது நானும்தான பாத்தேன். எடுத்து வச்சேன்.”

“அன்னைக்கே எங்கிட்ட வந்து சொல்றதுக்கு என்ன?”

“வந்தேங்கய்யா. மறுநாளே வந்தேன். ‘எங்க வீட்டு முதல் கை உனக்குத்தான் வந்துருக்கு, நல்லா விளையும், போ’ன்னு தட்டிக்குடுத்தீக. பொறகு என்னத்தைச் சொல்ல?”

தீ ஒரு பக்கம் சரிந்து பொறி பறந்தது. உடையப்ப அம்பலம் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நேத்துக் கூட்டத்துக்கு இதக் கொண்டாந்திருந்தியா?”

“பைக்குள்ள இருந்துச்சு. கையில பிடிச்சுத்தான் உக்காந்திருந்தேன். நீங்க எந்திரிச்சீக. நான் கைய எடுத்துட்டேன்.”

“நான் எந்திரிக்கலேன்னா?”

சந்தியாகு தீயைப் பார்த்தபடி, குரலை ஏற்றாமலும் இறக்காமலும் சொன்னான். “நான் எந்திரிச்சிருப்பேன்.”

பிறகு, “வச்சுக்கங்க. எனக்கு இனி எதுக்கு?” என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேலமடைப் பக்கம் நடந்தான். அங்கே அம்பலத்தின் தோட்டம் அவனுக்காகத் தண்ணீருக்குக் காத்திருந்தது.

பத்தொன்பது நாள். நாலு தலைமுறையின் பெயர் பத்தொன்பது நாளாக இந்த இருமல் மருந்துப் பாட்டிலுக்குள், ஒரு மஞ்சள் பைக்குள் இருந்திருக்கிறது. அது உடையாமல் பார்த்துக்கொண்டவன் அதை ஊருக்கு எடுத்துக் காட்டவில்லை. தானாகவே தீர்ப்புச் சொன்னதாக நினைத்துக்கொண்டு நேற்று வீட்டுக்கு நடந்த அந்த நடையை உடையப்ப அம்பலம் நினைத்துப் பார்த்தார். முதன்முறையாக அவர் முதுகு எதையோ தேடிப் பின்னால் போனது. பனைமரம் இருந்தது. சாய்ந்தார்.

புகை மெல்ல அடங்கியது. துண்டை எடுத்துக் கண்ணைத் துடைக்கப் போனவர் அப்படியே நின்றார். வெள்ளைத் துண்டில், மடிப்பு ஓரமாக, எள்ளைவிடச் சின்னதாகக் கருப்பாக ஒன்று ஒட்டியிருந்தது.

சாம்பலாக இருக்கலாம். ஊதித் தள்ள வாயைக் குவித்தார். தள்ளினால் எங்கே போய் விழுமோ என்று நிறுத்திக்கொண்டார். துண்டை வெயிலில் விரித்துப் பிடித்து, அது நகருகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றார்.